நச்சு நிலமும் இறுதித் தீர்வும்

1953 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஒரு நிலம் ஒரு டாலருக்குக் கைமாறியது. விற்றது ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம். வாங்கியது நகரப் பள்ளி வாரியம். வெட்டத் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட பழைய கால்வாய் ஒன்று அந்த நிலத்தில் இருந்தது. 1942 முதல் ஹூக்கர் அதில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி, மேலே களிமண் இட்டு மூடியிருந்தது. விற்பனைப் பத்திரத்தில் நிறுவனம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: நிலத்துக்கடியில் கழிவு இருப்பது வாங்குபவருக்குத் தெரியும், அதனால் யாருக்கு உயிர்ச்சேதமோ உடற்கேடோ பொருள் இழப்போ நேர்ந்தாலும் விற்றவர் மீது எந்தக் கோரிக்கையும் எழாது. அங்கே ஆரம்பப் பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1970களின் நடுவில் பலத்த மழையும் பனியும் பெய்த ஆண்டுகளில் நிலத்தடி நீர் உயர்ந்து, புதைத்தவை வீடுகளின் அடித்தளங்களில் கசிந்தன. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தார். முதலில் ஏறத்தாழ 240 குடும்பங்களும் பின்னர் இன்னும் பல நூறு குடும்பங்களும் வீடுகளை விட்டு வெளியேறின. லவ் கெனால் என்ற அந்தக் குடியிருப்பின் பெயர் உலகெங்கும் நச்சுக்கழிவுக்கான மறுபெயராகிவிட்டது. இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது அந்த ஒரு டாலர் பத்திரத்தைத்தான். இரு தரப்பும் மனமொப்பிக் கையெழுத்திட்டு, பொறுப்பு இத்துடன் முடிந்தது என்று எழுதிவைத்த ஆவணம் அது. நிலத்தில் இருந்த நஞ்சோ அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கியது.

சமரசம் பொதுவாக நல்லது. வரப்புத் தகராறோ விபத்து இழப்பீடோ ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளில் தேங்குவதைவிட இரு தரப்பும் உட்கார்ந்து ஒரு தொகையைப் பேசி முடித்துக்கொள்வது எல்லோருக்கும் இலாபம். ஆனால் அப்படிப்பட்ட வழக்குகளில் கையெழுத்திடும் நாளில் சேதம் என்னவென்று ஏறக்குறையத் தெரிந்திருக்கும். பாதிக்கப்பட்டவர் எதிரே அமர்ந்திருப்பார். நச்சு நிலத்தில் இவை இரண்டும் இல்லை. குளோரின் கலந்த கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை. நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கிப் பாறை வெடிப்புகளில் தங்கி, பல பத்தாண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்து வெளிவரும். நீர்நிலையின் சேற்றில் படிந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனுக்குள் ஏறி மனிதருக்குள் வருகிறது. இவற்றை அளக்கும் கருவிகளும், எந்த அளவு ஆபத்து என்ற அறிவும் ஒவ்வொரு பத்தாண்டிலும் மாறுகின்றன. பாதிக்கப்படப்போகும் பலர் இன்னும் அந்த நிலத்துக்கு அருகே குடிவரவில்லை. சிலர் பிறக்கவே இல்லை. ஆகவே இத்தகைய சமரசத்தை அதில் எழுதப்பட்ட தொகையை வைத்து மதிப்பிடுவது தவறு என்பது என் வாதம். இன்று தெரியாதது நாளை தெரியவந்தால் அந்தச் செலவை யார் ஏற்பார் என்ற கேள்வியை அது எப்படிக் கையாள்கிறது என்பதுதான் அளவுகோல். அந்தக் கேள்வியைத் திறந்து வைக்கும் சமரசம் நிலத்தைக் காக்கிறது. அதை மூடிவிடும் சமரசம், தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், செலவைப் பொதுமக்கள் தலையில் கட்டுகிறது.

லவ் கெனாலுக்கு அமெரிக்கா தந்த விடை, 1980 டிசம்பரில் கார்ட்டர் பதவிக்காலத்தின் கடைசி வாரங்களில் நிறைவேறிய சட்டம். சூப்பர்ஃபண்ட் என்பது அதன் புழக்கப் பெயர். எண்ணெய், ரசாயனத் தொழில்கள் மீது வரி விதித்து முதல் ஐந்தாண்டுக்கு 160 கோடி டாலர் நிதியை அது உருவாக்கியது. ஆனால் நிதியைவிட அதன் பொறுப்பு விதிகளே வலிமையானவை. நிலத்தின் இன்றைய உரிமையாளர், கழிவு கொட்டப்பட்ட காலத்தில் உரிமையாளராக இருந்தவர், கொட்ட ஏற்பாடு செய்தவர், இடத்தைத் தேர்ந்து ஏற்றிச்சென்றவர் என நான்கு வகையினரும் பொறுப்பாளிகள். கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டம் வருவதற்கு முன்பு கொட்டியதற்கும் பொறுப்பு உண்டு. சேதத்தைப் பகுத்துக் காட்ட முடியாத இடத்தில் ஒருவரிடமிருந்தே முழுச் செலவையும் வசூலிக்கலாம்; அவர் மற்றவர்களிடம் பங்கு கேட்டுக்கொள்ளட்டும். தனியார் தமக்குள் செய்துகொண்ட பொறுப்பு மாற்றம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஒரு டாலர் பத்திரத்தின் நிபந்தனையை நேரடியாக முறித்த விதி இது. தூய்மை செய்யும்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உத்தரவிட்டும் தக்க காரணமின்றி மறுப்பவரிடம், அரசு செலவழித்ததைப் போல மூன்று மடங்கு வரை தண்டமாகக் கேட்கலாம். இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். சமரச மேசைக்கு நிறுவனத்தை வரவைப்பது இந்தக் கடுமைதான். நீதிமன்றத்தில் தோற்றால் என்ன ஆகும் என்ற அச்சம் இல்லாத இடத்தில் நல்ல சமரசம் பிறப்பதில்லை.

1986இல் வந்த திருத்தம் சமரசத்துக்கென்றே ஒரு தனி நடைமுறையை வகுத்தது. தூய்மைப் பணி பற்றிய உடன்பாடு ஃபெடரல் நீதிமன்றத்தில் வரைவாகத் தாக்கல் செய்யப்படும். பொதுமக்கள் கருத்துக் கூறக் குறைந்தது 30 நாள் தரப்படும். எதிர்ப்பில் நியாயம் இருந்தால் அரசு தன் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். நீதிபதி அது நியாயமானதா, சட்டத்தின் நோக்கத்துக்கு இசைந்ததா என்று பார்த்துத் தீர்ப்பாணையாக ஆக்குவார். அதன் பிறகும் வழக்கு அவர் மேற்பார்வையில் இருக்கும். தாமதத்துக்கு நாள் கணக்கில் அபராதம், நிறுவனம் நொடித்தாலும் பணி நிற்காமலிருக்க நிதி உத்தரவாதம், கழிவு அங்கேயே விடப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு ஆகியவை இதன் உறுப்புகள். எல்லாவற்றுக்கும் மையமாக ஒரு பிரிவு இருக்கிறது. அரசு இனி வழக்குத் தொடுக்காது என்ற உறுதிமொழியைத் தரும்போதே, இதுவரை அறியப்படாத நிலைமை வெளிப்பட்டாலோ, செய்த பணி உடல்நலத்தைக் காக்கப் போதாது என்று புதிய தகவல் காட்டினாலோ மீண்டும் கேட்கும் உரிமையை அரசு வைத்துக்கொள்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, இந்த மறுதிறப்பு உரிமை இல்லாமல் உறுதிமொழி தரக் கூடாது என்று சட்டமே கூறுகிறது. இதற்கு ஈடாகக் கையெழுத்திடும் நிறுவனத்துக்கும் பெரிய நன்மை உண்டு: சமரசத்தில் அடங்கிய விஷயங்களுக்காக மற்றப் பொறுப்பாளிகள் அதன்மீது பங்கு கேட்டு வழக்குப் போட முடியாது. கையெழுத்திடாமல் நின்றவர் தலையில்தான் மிச்சச் சுமை விழும்.

லவ் கெனாலில் இது எப்படி முடிந்தது என்று பார்க்கலாம். ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் நிறுவனம் 1994இல் நியூயார்க் மாநிலத்துடன் 9.8 கோடி டாலருக்கும், 1995இல் ஃபெடரல் அரசுடன் 12.9 கோடி டாலருக்கும் உடன்பட்டது. செய்தித்தாள்களுக்கு இந்த எண்கள் போதுமானவையாக இருந்தன. கழிவோ தோண்டி எடுக்கப்படவில்லை. ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில் மூடியின் கீழே இன்றும் இருக்கிறது. சுற்றிலும் வடிகால் அமைத்து, கசியும் நீரை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். அந்த நிலையத்தைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பை நிறுவனம் ஏற்றதுதான் சமரசத்தின் உண்மையான உள்ளடக்கம். 2004இல் சூப்பர்ஃபண்டின் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து அந்த இடம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பின்னும் ஐந்தாண்டு ஆய்வு நிற்கவில்லை. காலிசெய்யப்பட்டுப் பின்னர் மீண்டும் குடியேற்றப்பட்ட பகுதியினர் 2010களில் புதிய வழக்குகளைத் தொடுத்தார்கள். முடிந்தது என்று அரசே சொன்ன இடத்தில்கூட முடிவு இவ்வளவு தற்காலிகமானது.

ஹட்சன் ஆற்றின் கதை இதைவிடச் சிக்கலானது. ஆற்றின் மேற்பகுதியில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஆகிய ஊர்களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மின்தேக்கிகள் செய்தது. 1947 முதல் 1977 வரை அந்த ஆலைகளிலிருந்து ஆற்றில் சேர்ந்த பிசிபி என்ற ரசாயனத்தின் அளவு 13 லட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அந்த வேதிப்பொருள் எளிதில் சிதைவதில்லை. மீனின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். 1984இல் முகமை ஆற்றின் சேற்றைத் தொட வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2002இல் அந்த முடிவை மாற்றி, 40 மைல் நீளத்துக்குக் குறிப்பிட்ட இடங்களில் தூர்வார வேண்டும் என்றது. நிறுவனம் கடுமையாக எதிர்த்தது. தூர்வாரினால் அடங்கிக்கிடப்பது கிளறப்படும் என்று விளம்பரங்கள் செய்தது. முகமையின் உத்தரவு அதிகாரமே அரசமைப்புக்கு முரணானது என்று வழக்கும் நடத்தியது. அந்த வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முகமையின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே 2005இல் தூர்வாரலுக்கான உடன்பாடு எழுதப்பட்டு, மறு ஆண்டு நீதிமன்ற ஒப்புதல் பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. நீதிமன்றத்தில் அதிகாரத்தை எதிர்த்தபடியே, அந்த அதிகாரத்தின் நிழலில் அது உடன்பட்டது.

அந்த உடன்பாட்டின் அமைப்பு பாடமாக வைக்கத் தக்கது. பணி இரண்டு கட்டமாகப் பிரிக்கப்பட்டது. 2009இல் முதல் கட்டம் முடிந்ததும் சுதந்திரமான வல்லுநர் குழு ஆராயும். அதன்பின் இரண்டாம் கட்டத்தைச் செய்வதா, விலகி அரசின் உத்தரவை எதிர்கொள்வதா என்று நிறுவனம் முடிவு சொல்லும். 2010 டிசம்பரில் அது தொடரச் சம்மதித்தது. 2015இல் தூர்வாரல் முடிந்தது. இங்கேதான் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று கிடைக்கிறது. 2002இல் திட்டமிட்டபோது ஏறத்தாழ 1,50,000 பவுண்டு பிசிபி அகற்றப்படும் என்று கணித்திருந்தார்கள். உண்மையில் அகற்றப்பட்டது ஏறத்தாழ 3,10,000 பவுண்டு. உலகின் மிகச் சிறந்த கருவிகளோடும், இருபது ஆண்டு ஆய்வுகளோடும் செய்த கணிப்பு இரண்டு மடங்கு தவறியது. மதிப்பிட்ட அளவுக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு அரசு கணக்கை முடித்திருந்தால் மிச்சப் பாதியை யார் வாரியிருப்பார்கள்? தொகைக்குப் பதிலாகப் பணியையே நிறுவனத்தின் பொறுப்பாக எழுதியதால் தவறிய கணிப்பின் செலவும் அதனிடமே போனது. 2019இல் முகமை பணி நிறைவுச் சான்றிதழ் வழங்கியபோது நியூயார்க் மாநிலம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்துத் தோற்றது. மாநிலத்தின் அச்சம் நியாயமானதே. மீன்கள் பாதுகாப்பானவை என்று உறுதியாகச் சொல்லப் போதுமான தரவு இன்னும் இல்லை என்று அதே ஆண்டு முகமையே தன் ஆய்வில் ஒப்புக்கொண்டிருந்தது. ஆயினும் சான்றிதழுக்குப் பின்னும் மறுதிறப்பு உரிமை உயிரோடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் துணிவு அரசுக்கு இருக்குமா என்பது அரசியல் கேள்வி. உரிமையே இல்லாத இடத்தில் அந்தக் கேள்வி எழவும் வாய்ப்பில்லை.

இதற்கு எதிராக முதலில் வரும் வாதம் வலுவானது. முடிவு உறுதி இல்லையென்றால் எந்த நிறுவனம் கையெழுத்திடும்? கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றால் கடைசிவரை வழக்காடிப் பார்க்கலாமே? நாற்பது ஆண்டு நடைமுறை இதற்கு விடை தருகிறது: மறுதிறப்புப் பிரிவோடுதான் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அவை வாங்கியது முழு விடுதலையை அல்ல. அறியப்பட்ட சேதம் குறித்த உறுதியையும், மற்றவர்கள் வழக்கிலிருந்து பாதுகாப்பையும்தான். முழு விடுதலை வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. கழிவில் மிகச் சிறிய பங்கே உள்ள நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு மேல் கூடுதல் தொகை செலுத்தி, பெரும்பாலும் இறுதியாகவே விலகிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. இங்கே எனக்குப் பிடித்த தெளிவு ஒன்று இருக்கிறது. முடிவு உறுதி என்பது ஒரு பண்டம். அதற்கு விலை உண்டு. எதிர்காலத்தின் ஆபத்தைப் பொதுமக்கள் ஏற்பதற்கு ஈடாக அந்த விலையை நிறுவனம் கொடுக்க வேண்டும். விலை கேட்காமல் அந்தப் பண்டத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான் மோசமான சமரசம்.

இரண்டாவது வாதம் செலவைப் பற்றியது. சூப்பர்ஃபண்ட் வழக்கறிஞர்களுக்கே தீனி போட்டது என்ற குறை பழையது, ஆதாரமில்லாததும் இல்லை. ராண்ட் ஆய்வு நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆய்வில், காப்பீட்டு நிறுவனங்கள் செலவிட்டதில் 88 விழுக்காடு வழக்குச் செலவுகளுக்கே போனது தெரியவந்தது. ஆனால் அதே ஆய்வில் பெரிய தொழில் நிறுவனங்களின் செலவில் அந்தப் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். பணத்தைத் தின்றது பெருமளவு காப்பீட்டு ஒப்பந்தங்களின் பொருளைப் பற்றிய சண்டை. தூய்மைச் சமரசங்களின் வடிவம் அல்ல. முன்தேதியிட்ட பொறுப்பு அநீதி என்பதையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அன்று சட்டப்படி குற்றமில்லாததைச் செய்தவரிடம் இன்று பணம் கேட்பது உறுத்துகிற விஷயம்தான். ஆனால் அந்தச் செலவு எப்படியும் யாராவது ஏற்க வேண்டியது. கழிவை மலிவாகப் புதைத்ததால் இலாபம் பார்த்தவர், அந்த நிலத்துக்குமேல் அறியாமல் வீடு கட்டியவர் என்று இருவர் மட்டும் நிற்கும்போது யாரிடம் கேட்பது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பொறுப்பிலிருந்து தப்ப இன்னொரு வழி, பொறுப்பை ஒரு புதிய நிறுவனத்தில் வைத்து அதைக் கழற்றிவிடுவது. கெர்-மெகீ நிறுவனம் எழுபது ஆண்டுகளில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் யுரேனியச் சுரங்கங்களையும், சிகாகோ அருகே தோரியக் கழிவையும், நெவாடாவில் மீட் ஏரியை நோக்கிக் கசியும் பெர்குளோரேட்டையும் விட்டுச்சென்றது. 2006 மார்ச்சில் எண்ணெய் எரிவாயுச் சொத்துகளைத் தனியே எடுத்துக்கொண்டு, பழைய மாசின் பொறுப்புகளை ட்ரோனாக்ஸ் என்ற நிறுவனத்தோடு பிரித்து அனுப்பியது. சில மாதங்களில் அனடார்கோ நிறுவனம் கெர்-மெகீயை வாங்கியது. சுமையைத் தாங்க முடியாத ட்ரோனாக்ஸ் 2009 ஜனவரியில் திவாலானது. அந்தப் பிரிப்பு கடன்காரர்களை ஏமாற்றும் சொத்து மாற்றம் என்று 2013 டிசம்பரில் திவால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அனடார்கோ 515 கோடி டாலருக்கு உடன்பட்டது; அதில் ஏறத்தாழ 440 கோடி தூய்மைப் பணிக்கும் சுற்றுச்சூழல் கோரிக்கைகளுக்கும் சென்றது; நவஹோ நிலத்தின் ஐம்பது சுரங்கங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 100 கோடி. நிறுவனம் பெயர் மாறி, உரிமை மாறி, பங்கு பிரிந்து போனாலும் பணத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து போகும் சட்டமும், அப்படிப் போகும் விருப்பமுள்ள அரசும் இருந்தன. இவை இரண்டும் சேர்ந்திருந்தால்தான் இத்தகைய சமரசம் சாத்தியம்.

போபாலில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் பாதிக்கப்பட்ட அனைவருக்குமான ஒரே பிரதிநிதியாக இந்திய அரசை ஆக்கியது. 330 கோடி டாலர் கேட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, இடைக்கால நிவாரணம் பற்றிய மேல்முறையீட்டுக்கு நடுவே, 1989 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் 47 கோடி டாலருக்கு முழுமையான இறுதித் தீர்வை அறிவித்தது. வரைவு வெளியிடப்படவில்லை, பாதிக்கப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை, எத்தனை பேர் எவ்வளவு பாதிக்கப்பட்டார்கள் என்ற மருத்துவக் கணக்கெடுப்பே முடியவில்லை. 1991இல் மறு ஆய்வு மனுவில் குற்றவியல் வழக்குகள் உயிர்பெற்றன, தொகை மாறவில்லை. பணம் போதாவிட்டால் குறைவை இந்திய அரசு ஈடுசெய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அறியப்படாததின் செலவு யாருக்கு என்ற கேள்விக்கு அங்கேயே விடை எழுதப்பட்டுவிட்டது: வரி செலுத்துவோருக்கு.

இந்தத் தீர்வில் நிலம் இடம்பெறவே இல்லை. வாயு கசிவதற்கு முன்பே ஆலை தன் கழிவை வளாகத்துக்குள் குழிகளில் இட்டுவந்தது. 1977 முதல் வெளியே ஆவியாக்கும் குளங்களிலும் விட்டது. இது விபத்தில் விளைந்த மாசு அல்ல. அன்றாட இயக்கத்தில் சேர்ந்தது. சட்டக் கண்ணோட்டத்தில் 1989 தீர்வு இதை மூடவில்லை என்று வாதிடலாம், வாதிட்டார்கள். ஆனால் நாட்டின் பொது நினைவில் போபால் கணக்கு தீர்ந்ததாகிவிட்டது. 1994இல் கார்பைடு தன் இந்தியப் பங்குகளை விற்றது. நீதிமன்ற ஆணைப்படி அந்தப் பணம் மருத்துவமனைக்குச் சென்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் நிலம் மத்தியப் பிரதேச அரசிடம் திரும்பியது. 2001இல் கார்பைடை டவ் நிறுவனம் வாங்கியது. 2004இல் ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குக் குழாய் நீர் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கிணறுகளின் நீர் குடிக்கத் தகாததாக இருந்தது. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் 2010இல் 11 லட்சம் டன் மண் மாசுபட்டிருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு கூடுதல் இழப்பீடு கேட்டுச் சீராய்வு மனு போட்டது. 2023 மார்ச் 14 அன்று, மோசடி இருந்தால் ஒழிய ஒப்புக்கொண்ட தீர்வைத் திறக்க முடியாது என்று அது தள்ளுபடியானது. மறுதிறப்புப் பிரிவு இல்லாத ஆவணத்தைப் பற்றி நீதிமன்றம் வேறு எப்படிச் சொல்ல முடியும்? 2025 ஜனவரியில் 337 டன் கழிவு மட்டும் பன்னிரண்டு கண்டெய்னர்களில் 250 கிலோமீட்டர் தள்ளி பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜூன் முடிவதற்குள் எரிக்கப்பட்டது. செலவை ஏற்றது மத்திய அரசு. 11 லட்சம் டன் மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அமெரிக்க நடைமுறை பணக்கார நாட்டுக்குப் பொருந்தும், இங்கே பாதிக்கப்பட்ட ஏழைகளுக்கு உடனடிப் பணம் தேவை, திறந்த சமரசங்களுக்காகக் காத்திருக்க முடியாது என்று சொல்வோர் உண்டு. அவசரம் உண்மையானது. ஆனால் உடல் பாதிப்புக்கான இழப்பீட்டையும் நிலத்துக்கான பொறுப்பையும் இரண்டு வேறு ஆவணங்களில் எழுதுவதால் இழப்பீடு ஒரு நாள்கூடத் தாமதமாகாது. இரண்டையும் கலந்து ஒரே தொகையாக்கும்போதுதான் நிலம் மறைந்துபோகிறது. மறுபுறம், சமரசமே வேண்டாம், நீதிமன்றம் தண்டிக்கட்டும் என்பவர்களுக்கு பிச்ரி கிராமத்தின் அனுபவத்தைக் காட்டலாம். ராஜஸ்தானின் உதய்பூர் அருகே எச் அமிலம் என்ற ரசாயனத்தைத் தயாரித்த ஆலைகள் 1980களின் இறுதியில் கிணறுகளைக் கெடுத்தன. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதியாக நிலைநாட்டியது. சட்டக் கல்லூரிகளில் தவறாமல் கற்பிக்கப்படும் தீர்ப்பு அது. நிறுவனங்கள் மனு மேல் மனுவாகப் போட்டன, 37.385 கோடி ரூபாயைக் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லி மீண்டும் உத்தரவிட வேண்டிய நிலை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள் கிராமம் காத்திருந்தது. வங்கி உத்தரவாதமோ நாள் அபராதமோ முன்கூட்டியே பெறப்படாத வெற்றி காகிதத்தில் நிற்கிறது. சிறந்த தீர்ப்பைவிட, கண்காணிப்புள்ள சுமாரான உடன்பாடு நிலத்துக்கு அதிகம் செய்யக்கூடும்.

கொடைக்கானலில் இந்தப் பிரச்சினை நமக்கு மிக அருகில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களின் தொடக்கத்தில் பெயர்ந்து வந்த பாதரச வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 7.4 டன் அளவுக்கு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிவந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பத்தாண்டு வழக்குக்குப் பின் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது; தொகை வெளியிடப்படவில்லை. தொழிலாளர்களுக்கு அது நியாயமான ஆறுதல். அவர்கள் போராட்டம் அதைச் சம்பாதித்தது. ஆனால் மண் வேறு பாதையில் சென்றது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே வகுக்கப்பட்டது. அந்த இடத்துக்கென்று செய்த தனி மதிப்பீட்டின் முடிவு இது என்றது நிறுவனம். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு ஏற்கப்படுவதைவிட இது பல மடங்கு அதிகம் என்றார்கள் எதிர்த்தவர்கள். ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலை இருக்கிறது. மழைக்காலத்தில் மண் நகரும் சரிவு அது. எந்த எண் சரி என்பதைவிட, அந்த எண் தவறு என்று பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்பதே எனக்கு முதன்மையாகத் தெரிகிறது. எண் தவறக்கூடும் என்பதற்கு ஹட்சன் சாட்சி.

2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களின் மேலாண்மைக்கென மத்திய அரசு முதன்முறையாகத் தனி விதிகளை அறிவித்தது. அப்போதைய கணக்கில் நாடெங்கும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. பணி தொடங்கியது ஏழில் மட்டும். இடத்தைக் கண்டறிவதற்கும் பொறுப்பாளியை அடையாளம் காண்பதற்கும் விதிகள் கால வரம்பு வைக்கின்றன. தூய்மைப் பணி எப்போது முடிய வேண்டும் என்பதற்கு வரம்பு இல்லை. இனிவரும் ஆண்டுகளில் வாரியங்களும் நிறுவனங்களும் இந்த இடங்களைப் பற்றிப் பேசிச் செலவைத் தீர்மானிக்கும். அந்த உடன்பாடுகளின் வரைவு உள்ளூர் மொழியில் வெளியாகி, மக்கள் மறுப்புச் சொல்ல ஒரு மாதமாவது கிடைக்க வேண்டும். மண்ணும் நிலத்தடி நீரும் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். இழப்பீட்டோடு கலக்கக் கூடாது. தொகைக்குப் பதிலாகப் பணியே கடமையாக்கப்பட்டு, அதற்கு வங்கி உத்தரவாதம் பெறப்பட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறு அளவீடும், அளவு கூடினால் நிறுவனத்திடமும் அதை வாங்கியவரிடமும் திரும்பக் கேட்கும் உரிமையும் உடன்பாட்டிலேயே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீரமைப்புக்கு உத்தரவிடவும் அதன் செலவை மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கவும் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம், ஐந்தாம் பிரிவுகளே மத்திய அரசுக்கு அதிகாரம் தருகின்றன என்று பிச்ரி தீர்ப்பு 1996லேயே சொல்லிவிட்டது.